கான்ட்ராக்ட் முடியப்போகுது, லைப்ரரி அங்கயேதான் இருக்கும், நான் இருப்பேனா?

பார்கோடு_பாப்பா:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, இன்னிக்குதான் முதல் போஸ்ட், நீளமா போனா மன்னிச்சிக்கோங்க.

அமெரிக்காவுல ஒரு ஃபெடரல் ஏஜென்சியோட லைப்ரரில மூணு வருஷமா இருக்கேன். ஏஜென்சி லைப்ரரின்னுதான் பேரு, உள்ள இருக்கிற நாங்க நாலு பேரும் கான்ட்ராக்டர் ஆளுங்க, கழுத்துல தொங்குற பேட்ஜ் கலரே வேற. ரெஃபரன்ஸ் கேள்வி, கேட்லாகிங், ஜர்னல் சப்ஸ்கிரிப்ஷன், இன்டர்லைப்ரரி லோன் (மத்த லைப்ரரிலருந்து கடன் வாங்கித் தர்றது), டெக்னிக்கல் ரிப்போர்ட் வந்தா ஸ்கேன் பண்ணி ரெபாசிட்டரில ஏத்துறது எல்லாம் நாங்கதான். கான்ட்ராக்ட்ல பேஸ் ஒரு வருஷம், கவர்மென்ட் வேணும்னா நீட்டிக்கிற ஆப்ஷன் நாலு வருஷம், அந்த அஞ்சும் வர்ற செப்டம்பர் 30ஓட முடியுது. கவர்மென்ட் டெண்டர் போடுற சைட் சாம் டாட் கவ்ல சொலிசிட்டேஷன் (டெண்டர் அறிவிப்பு) வந்தாச்சு, எனக்கு இது முதல் ரீகம்பீட் (அதே வேலைக்கு திரும்ப போட்டி வைக்கிறது), ஒண்ணும் புரியல.

எங்க கம்பெனியும் திரும்ப பிட் பண்ணுது, அதாவது விலை குறிச்சி போட்டி போடுது. ப்ரபோசல்ல என் ரெஸ்யூமேயை கீ பர்சனல் (முக்கியமான ஆள்)னு போடப்போறாங்களாம், கமிட்மென்ட் லெட்டர்ல கையெழுத்து கேக்குறாங்க. அதே வாரம் இன்னொரு கம்பெனி ரெக்ரூட்டர் லிங்க்ட்இன்ல மெசேஜ் போட்டு, நாங்க ஜெயிச்சா உங்களையே வச்சிக்கிறோம், லெட்டர் குடுங்கன்னு கேக்குறார். ரெண்டு பேருக்கும் குடுக்கலாமா? துரோகம் பண்ற மாதிரி இருக்காதா?

இன்னொண்ணு இருக்கு, அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது. எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் (பிஎம்) போன வாரம் தனியா கூப்பிட்டு, எஸ்ஓபி (வேலையை எப்படி செய்யணும்னு எழுதி வைக்கிற குறிப்பு) அப்டேட் பண்றதை ரிசல்ட் வர்ற வரைக்கும் கொஞ்சம் மெதுவா பண்ணும்மான்னார். நேரடியா சொல்லல, ஆனா புரிஞ்சிது, எல்லாம் நம்ம தலைக்குள்ளயே இருந்தாத்தான் நம்மளை கழட்டிவிட முடியாதுன்னு கணக்கு போடுறார். செய்யலாமா இதை? எங்க கான்ட்ராக்டை கவர்மென்ட் பக்கம் இருந்து பாத்துக்கிற சிஓஆர் மேடத்துக்கிட்ட பொதுவா பேச்சு குடுத்துப் பாத்தேன், இதைப் பத்தி நான் பேசக்கூடாதுன்னு ஒரே வரில முடிச்சிட்டு போயிட்டாங்க. மூணு வருஷமா டெய்லி நின்னு பேசிட்டுப் போறவங்க.

பழைய_பிஎம்:

சிஓஆர் மேல கோவப்படாதீங்க முதல்ல. சொலிசிட்டேஷன் வெளிய வந்துட்டா அவங்க வாயைத் திறக்கக்கூடாது, ஒரு பிட்டருக்கு மட்டும் ஏதாவது தெரிஞ்சிடுச்சுன்னா மத்தவன் ப்ரொட்டெஸ்ட் (முறையான ஆட்சேபம்) போட்டு மொத்தத்தையும் நிறுத்திடுவான். அவார்ட் ஆன, அதாவது கான்ட்ராக்ட் யாருக்குன்னு அறிவிச்ச மறுநாள் அவங்களே வந்து பேசுவாங்க பாருங்க.

லெட்டர் விஷயம். நான் பன்னண்டு வருஷம் கம்பெனி பக்கம் இருந்து இந்த மாதிரி லெட்டர் வாங்கினவன், சொல்றேன், கவர்மென்ட் சர்வீஸ் கான்ட்ராக்ட்ல ஆளுங்க ரெண்டு மூணு பிட்டருக்கு லெட்டர் குடுக்கிறது சாதாரணம். ஜெயிச்சா உங்கள்ட்ட வேலை பாக்கத் தயார்னு சொல்றதுதான் அந்த லெட்டர், அவ்வளவுதான். ஆனா சேரும்போது கையெழுத்து போட்ட பேப்பரை எடுத்து எக்ஸ்க்ளூசிவ் (எங்களுக்கு மட்டும்தான்), நான்-கம்பீட் (போட்டி கம்பெனிக்குப் போகக்கூடாது)னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, இப்ப குடுக்கிற லெட்டர்லயும் "மட்டும்"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி ஓரமா ஒளிஞ்சிருக்கும், அதை அடிச்சிட்டு கையெழுத்து போடுங்க. சம்பளம் எவ்வளவுன்னு எழுதாத லெட்டர் வேண்டவே வேண்டாம். உங்க ரெஸ்யூமேயைக் காட்டி ஜெயிச்சிட்டு அப்புறம் இருபது சதவீதம் குறைச்சி ஆஃபர் குடுக்கிறது ரொம்ப பழைய வித்தை. (நானே ஒரு தடவை அந்த மாதிரி ஆஃபர் லெட்டர் அனுப்ப வேண்டி வந்துச்சு, பெருமையா சொல்லல.)

எதிர் பார்ட்டிகிட்ட வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க. எத்தனை பேர் இருக்கீங்க, யாருக்கு எவ்வளவு, எந்த டேட்டாபேஸுக்கு என்ன ரேட், இதெல்லாம் ரெக்ரூட்டர் ரொம்ப நட்பா கேப்பான். அது உங்க கம்பெனி ரகசியம். உங்க ரெஸ்யூமே மட்டும்தான் உங்களோடது.

ரூல்_நம்பர்_பைத்தியம்:

புதுசா வர்றவன் பழைய ஆளுங்களுக்கு வேலை குடுத்தே ஆகணும்னு ஆபீஸ்ல யாராவது சொன்னா நம்பாதீங்க, அது முன்னாடி இருந்துச்சு, போச்சு, வந்துச்சு, திரும்பவும் போச்சு. 2009ல ஒபாமா எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் (அதிபர் உத்தரவு) போட்டார், 2019ல டிரம்ப் எடுத்தார், 2021ல பைடன் 14055னு புதுசா போட்டார், 2025 ஜனவரில அதையும் எடுத்தாச்சு. அதனால இன்னிக்கு தேதிக்கு ஃபர்ஸ்ட் ஆஃபர் உங்களுக்குத்தான் தரணும்னு ஃபெடரல் கட்டாயம் எதுவும் இல்ல.

ஆனா 1965ஆம் வருஷத்து சர்வீஸ் கான்ட்ராக்ட் ஆக்ட் அப்படியேதான் இருக்கு. கான்ட்ராக்டோட கடைசில வேஜ் டிடெர்மினேஷன்னு ஒரு அட்டாச்மென்ட் இருக்கும், அதுல லைப்ரரியன் 13047, லைப்ரரி டெக்னீசியன் 13058னு வரி வரியா மணிக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, அந்த ரேட்டுக்குக் கீழ எவனும் குடுக்க முடியாது. மாச சம்பளத்துல ப்ரொஃபஷனல் எக்ஸெம்ப்ட்டுன்னு (விலக்கு உள்ள ஆளுன்னு) உங்களை வச்சிருந்தா இது பொருந்தாம போகலாம், அதனால நீங்க எந்தப் பக்கம்னு எச்ஆர்ட்ட எழுத்துல கேளுங்க. இதுல முக்கால்வாசி பேருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, லீவு கணக்கு. அந்த ஆக்ட்டுக்குள்ள வர்ற ஆளா இருந்தா, அதே இடத்துல அதே மாதிரி வேலையை முந்தைய கான்ட்ராக்டர்ட்ட பாத்த வருஷத்தையும் புது கம்பெனி வெக்கேஷனுக்கு சேத்துத்தான் எண்ணணும். புது கம்பெனி, நீ இன்னிக்குதான் சேர்ந்தே, ஜீரோலருந்து ஆரம்பின்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பழைய கம்பெனி முடியறதுக்குப் பத்து நாள் முன்னாடியே எல்லாரோட சேர்ந்த தேதியையும் லிஸ்ட் போட்டு கான்ட்ராக்டிங் ஆஃபீசர்ட்ட குடுக்கணும், உங்க தேதி சரியா இருக்கான்னு ஒரு மெயில் தட்டிவிடுங்க.

செப்டம்பர் 30ஓட கதவு சாத்திடும்னும் பயப்பட வேணாம். கான்ட்ராக்டுல 52.217-8னு ஒரு க்ளாஸ் (ஷரத்து) இருந்தா மொத்தமா ஆறு மாசம் வரைக்கும் இப்ப இருக்கிற கம்பெனியையே நீட்டிக்கலாம். அவார்ட் லேட் ஆச்சுன்னா பெரும்பாலும் அதைத்தான் தூக்குவாங்க.

பச்சை_பேட்ஜ்:

நான் அந்தப் பக்கம், அதாவது கவர்மென்ட் ஊழியர், வேற ஏஜென்சில லைப்ரரி கான்ட்ராக்டுக்கு சிஓஆரா இருந்திருக்கேன். உங்க பிஎம் சொன்ன எஸ்ஓபி விஷயத்தைப் படிச்சதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

கான்ட்ராக்டுல என்ன வேலைன்னு சொல்ற பெர்ஃபார்மன்ஸ் ஒர்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து டெலிவரபிள்ஸ் (குடுத்தாக வேண்டியது) டேபிளைப் பாருங்க, எஸ்ஓபி அதுல இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை அப்டேட்னு போட்டிருக்கும். இருந்தா அதுக்கு கவர்மென்ட் ஏற்கெனவே காசு குடுத்தாச்சு. மெதுவா பண்ணுறது கான்ட்ராக்டை மீறுறது, மாட்டினா பேர் கெடுறது கம்பெனிக்கு மட்டும் இல்ல. அது போக 52.237-3ன்னு கன்டினியூட்டி க்ளாஸ் இருக்கும். கான்ட்ராக்ட் முடிஞ்ச பிறகும் 90 நாள் வரைக்கும் கைமாத்துற வேலைக்கு ஒத்துழைக்கணும், முடிஞ்ச வரை ஆளுங்களை அங்கயே இருக்க விடணும், புது கம்பெனி வந்து உங்களை இன்டர்வியூ பண்ணவும் விடணும்னு இருக்கு. உங்க கம்பெனி தோத்தாலும் உங்களைப் பேச விடாம தடுக்க முடியாது.

உண்மையைச் சொல்லணும்னா டிரான்ஸிஷன்ல எங்க பக்கம்தான் சொதப்புறது அதிகம். சப்ஸ்கிரிப்ஷன் லைசன்ஸ் யார் பேர்ல இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. ஏஜென்சி பேர்ல வாங்கியிருந்தா, இல்ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஃபெடரல் லைப்ரரிகளுக்காக நடத்துற ஃபெட்லிங்க் வழியா வாங்கியிருந்தா கவலை இல்ல, கான்ட்ராக்டர் தன் பேர்ல வாங்கி எங்களுக்கு பில் போட்டிருந்தா அக்டோபர் 1 காலைல சயின்டிஸ்ட் எல்லாம் ஜர்னல் திறக்கலன்னு போன் பண்ணுவான். நீங்க இப்பவே ஒரு ஷீட் போட்டு, எந்த டேட்டாபேஸ், யார் பேர்ல லைசன்ஸ், எந்த தேதில ரினியூவல், எந்த ஐபி ரேஞ்ச் (நெட்வொர்க் அட்ரஸ்) குடுத்திருக்கோம், அட்மின் லாகின் எந்த மெயில் ஐடின்னு எழுதி வைங்க. கேட்லாகையும் மார்க் (MARC, லைப்ரரி கேட்லாகுக்கான கம்ப்யூட்டர் ஃபார்மேட்) ரெக்கார்டா ஒரு தடவை முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி ஏஜென்சி சர்வர்லயே வைங்க, அது ஏஜென்சி சொத்து, எந்த கம்பெனி சிஸ்டத்துலயும் சிறைப்பட்டுக் கிடக்கக்கூடாது.

மார்க்_590:

பச்சை பேட்ஜ் சார் சொல்றது எல்லாம் கரெக்ட்டுதான், ஆனா கவர்மென்ட் சீட்ல உக்காந்து சொல்ற கரெக்ட். அதோட மறுபக்கம் நான் பட்டது.

நான் கேட்லாகர். எங்களுக்கு முன்னாடி இருந்த டீம் ஒண்ணையும் எழுதி வைக்காம போயிட்டாங்க. மார்க்ல 590 ஃபீல்டு நம்ம சொந்த குறிப்புக்குன்னு இருக்கிறது, அதுல நூத்துக்கணக்கான ரிப்போர்ட்டுக்கு எக்ஸ் போட்டு ஒரு நம்பர், எக்ஸ்3, எக்ஸ்7ன்னு. என்னன்னே தெரியல. ஷெல்ஃப்ல அந்த ரிப்போர்ட் இல்ல, தொலைஞ்சதுன்னு மார்க் பண்ண ஆரம்பிச்சிட்டோம். எட்டு மாசம் கழிச்சி பேஸ்மென்ட்ல பைப் ரிப்பேருக்கு வந்தவன் இது உங்களோடதான்னு கேட்டு ஒரு கம்பி கேஜைத் திறந்து விடுறான், உள்ள அட்டைப்பெட்டி, பெட்டி மேல மார்க்கர்ல எக்ஸ்1, எக்ஸ்2ன்னு வரிசையா. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. அதுக்குள்ள லோன் சிஸ்டம் பாஸ்வேர்டு கதை வேற, அக்கவுன்ட் பழைய கம்பெனி மெயில்ல இருந்துச்சு, ரீசெட் லிங்க் செத்துப்போன மெயில்பாக்ஸுக்குப் போகுது, ரெண்டு வாரம் ஒரு ஆர்ட்டிக்கிள் கூட வெளிய இருந்து வாங்க முடியல.

அதனால நான் வைராக்கியமா எல்லாத்தையும் எழுதினேன். ஸ்க்ரீன்ஷாட்டோட, எந்த பட்டன், எந்த ஃபீல்டு, எந்த பெட்டின்னு. அடுத்த ரீகம்பீட்ல புதுசா வந்தவன் அதைப் பிரிச்சுப் பாத்துட்டு, இவ்வளவு தெளிவா இருக்கே, நாலு பேர் எதுக்குன்னு ரெண்டாக்கிட்டான். போனதுல நானும் ஒருத்தி.

ஆனாலும் எழுதாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எழுதுங்க. எழுதினா உங்களை வச்சிப்பாங்கன்னு மட்டும் நினைச்சிடாதீங்க.

பழைய_பிஎம்:

மேல சொன்னதுக்கு ஒரு வார்த்தை. எஸ்ஓபி படிச்சு ரெண்டு பேரை எடுக்கல, ரேட்டுக்காக எடுத்தாங்க, எஸ்ஓபி சாக்கு. ப்ரபோசல் எழுதும்போதே ரெண்டு பேருன்னு விலை போட்டிருப்பான், நாலு பேர் செலவு போட்டவன் எல்லாம் தோத்திருப்பான்.

பிட்ல தோக்கிறதை விட கவர்மென்டே லைப்ரரி வேணாம்னு முடிவெடுக்கிறதுதான் பெரிய பயம். 2006ல சுற்றுச்சூழல் ஏஜென்சி, இபிஏ, பட்ஜெட் வெட்டுன்னு சொல்லி சிகாகோ, டல்லாஸ், கான்சாஸ் சிட்டி லைப்ரரி, கூடவே வாஷிங்டன் ஹெட்குவார்ட்டர்ஸ் லைப்ரரியையும் மூடினாங்க, ஆன்லைன்ல எல்லாம் கிடைக்கும்னாங்க. சயின்டிஸ்ட்டும் யூனியனும் கத்தி, காங்கிரஸ் தலையிட்டு பணம் ஒதுக்கி, 2008 செப்டம்பர் கடைசிலதான் திரும்ப திறந்தாங்க. அங்க யூஸ் பண்றவன் வாயைத் திறந்ததாலதான் திரும்ப வந்துச்சு. உங்க மன்த்லி ரிப்போர்ட்ல இத்தனை கேள்விக்கு பதில் சொன்னோம்னு எண்ணிக்கை மட்டும் போடாதீங்க, இந்த ஆபீஸுக்கு இந்தத் தேடலால இவ்வளவு நேரம் மிச்சம்னு அவங்க வாயாலயே ஒரு வரி வாங்கிப் போடுங்க. வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துன்னு நம்ம லைப்ரரி சயின்ஸ் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லயே எழுதி வச்சிட்டார், நம்ம கான்ட்ராக்ட் மெட்ரிக்ஸ்லதான் இன்னும் அது ஏறல.

பார்கோடு_பாப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். மார்க் அக்கா, உங்க கதை வயித்தைக் கலக்கிடுச்சு, எங்ககிட்டயும் ஒரு கேஜ் இருக்கு, சாவி என் ட்ராயர்லதான் இருக்கு, எஸ்ஓபில அதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

டெலிவரபிள்ஸ் டேபிள் பாத்தேன், பச்சை பேட்ஜ் சார் சொன்ன மாதிரியே வருஷா வருஷம்னு இருக்கு, போன வருஷம் நாங்க குடுக்கவே இல்ல, யாரும் கேக்கவும் இல்ல. இன்னிக்கு காலைல பிஎம்கிட்ட டேபிளைக் காட்டி நான் எழுதப்போறேன்னு சொல்லிட்டேன், முகம் சுருங்குச்சு, வேணாம்னு சொல்லல. லெட்டர்ல "மட்டும்" வரி நிஜமாவே இருந்துச்சு அண்ணா, மூணாவது பாரால, அதை எடுத்துட்டுக் குடுங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். ரெக்ரூட்டர்ட்ட சம்பளம் எழுத்துல கேட்டிருக்கேன், அதுலருந்து ஆள் கப்சிப்.

அட்மின் லாகின் ஷீட் போட்டுட்டு இருக்கேன், பதினாலுல ஒன்பது என் கம்பெனி மெயில்ல.

மார்க்_590:

அந்த ஒன்பதையும் ஏஜென்சி ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு மாத்துங்க, இந்த வாரமே, செப்டம்பர் வரைக்கும் வைக்காதீங்க. அப்படியே உங்க பேஸ்லிப்பு, டபிள்யூ டூ (வருஷ சம்பளம், வரி காட்டுற ஃபார்ம்) எல்லாம் கம்பெனி போர்ட்டல்லருந்து டவுன்லோட் பண்ணி வீட்டுல வச்சிக்கோங்கம்மா, அந்த லாகினும் அதே ராத்திரிதான் போகும்.