ஹால் டிவியில் கம்ப்யூட்டர்: நான்கு பேர் விளையாடினால் திக்குகிறது, கார்டு வாங்கித்தான் ஆகவேண்டுமா?

திருநகர்_ஊஞ்சல் எழுதியது:

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் கூட்டம். உசிலம்பட்டியிலிருந்து நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர், மேலூரிலிருந்து அண்ணன் மகன், எங்கள் பிள்ளைகள் இரண்டு. போன வருடம் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அத்தை என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் ஊருக்குக் கிளம்பிருச்சுகளா?" என்று கேட்டார்.

அதனால் இந்த முறை முன்கூட்டியே, வீட்டுக்காரர் ஆபீஸ் வேலைக்கு வாங்கிய கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி ரேம், படம் வரைய என்று தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. டிவி 43 இன்ச், 4கே. வயர் இல்லாத கன்ட்ரோலர் நான்கு வாங்கினேன், எல்லாமே குட்டி ரிசீவர் வைத்தவை. சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற வண்டிப் பந்தய விளையாட்டு இலவசம் என்பதால் அதை இறக்கி எங்கள் பிள்ளைகளோடு ஓட்டிப் பார்த்தோம்.

ஒருவர் ஓட்டினால் பரவாயில்லை. திரையை நான்காகப் பிரித்தால் படம் திக்கித் திக்கிப் போகிறது. பொத்தானை அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வண்டி திரும்புகிறது, அதற்குள் சுவரில் மோதிவிடும். சின்னவன் ஊஞ்சலில் உட்கார்ந்தால் அவன் கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்கிறது. தோற்றால் "போங்காட்டம்" என்று ஒரே அழுகை.

கடையில் கேட்டால் கார்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து 25,000 ஆகும் என்றார்கள். வருடத்தில் பத்து நாள் கூத்துக்கு அவ்வளவு போட மனசு வரவில்லை. வேறு வழி உண்டா? அப்புறம், பிள்ளைகள் ஐந்து, கன்ட்ரோலர் நான்கு. அதற்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.

ஒத்தக்கடை_நைட்ஷிப்ட் எழுதியது:

அக்கா, 25,000-ஐ பீரோவிலேயே வையுங்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, மூன்று.

முதலில் திக்குவது. திரையை நான்காகப் பிரித்தால் அதே ஊரை நான்கு கோணத்தில் நான்கு தடவை வரைய வேண்டும். அதையும் 4கே-யில் வரையச் சொன்னால் 5600ஜி-க்கு மூச்சு முட்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920x1080 வையுங்கள். புள்ளிகள் கால் பங்காகக் குறைந்துவிடும், சோபாவிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கேயே ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்பது, 60 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு 4கே-யில் நொடிக்கு 30 படம்தான் தரும். விளையாட்டுக்குள்ளும் கிராபிக்ஸ் அளவை இரண்டு படி இறக்குங்கள்.

அடுத்து ரேம். தனி கார்டு இல்லாத மெஷினில் படம் வரைகிற பகுதியும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ரேம் குச்சி செருகுகிற ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்றுதான் என்றால் இன்னொரு 8 ஜிபி, அதே வேகத்தில் வாங்கிப் போடுங்கள். இரண்டு குச்சி சேர்ந்தால் தகவல் போக இரண்டு பாதை. ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 மேல் என்று சொல்வது இதற்காகத்தான். பெரிய செலவு என்றால் இது ஒன்றுதான்.

பொத்தான் தாமதம் கம்ப்யூட்டரின் குற்றமே இல்லை. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு விடுகிறது. பிக்சர் மோடில் கேம் என்று இருக்கும், அதைப் போடுங்கள். சீரியல் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, வண்டி ஓட்டினால்தான் தெரியும்.

மூன்றாவது, ஊஞ்சல். ரிசீவரைப் பெட்டியின் பின்பக்கம் நீல நிற யுஎஸ்பி-யில் செருகியிருக்கிறீர்களா? பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் ஏதாவது? யுஎஸ்பி 3 போடுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வந்து விழும், கன்ட்ரோலர் பேசுவதும் அதே இடத்தில். ஒரு மீட்டர் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை டிவிக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள்.

ஐந்தாவது ஆளுக்குக் கீபோர்டு. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலர்களைப் படிக்கிற எக்ஸ்இன்புட் முறையே நான்குக்கு மேல் எண்ணாது. அதனால் இன்னொன்று வாங்கி ஏமாறாதீர்கள்.

பழங்காநத்தம்_67 எழுதியது:

மேலே தம்பி சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் பிள்ளைகள் வீட்டுக்கு வயர் வைத்த கன்ட்ரோலரே நல்லது என்பது என் அனுபவம். பேட்டரி தீர்ந்தது என்ற சண்டை கிடையாது, சோபா இடுக்கில் தொலையவும் தொலையாது. என்ன, யாராவது தடுக்கி விழுவார்கள்.

பெட்டியை ஷோகேசுக்குள் அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள் அம்மா. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் ஹால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதும் படம் திக்கும். கம்ப்யூட்டர் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வருகிற இடைவெளியில் மெஷின் அணைந்து எழும், ஜெயிக்கப்போனவன் உங்களைத்தான் பிடிப்பான்.

திருநகர்_ஊஞ்சல் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்லாட் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. என் தம்பி ஆபீசில் சும்மா கிடந்த 8 ஜிபி குச்சியைக் கேட்டு வாங்கிப் போட்டோம். 1080-க்கு மாற்றியதில் பாதி சரியாகியிருந்தது, ரேம் போட்டதும் நான்கு கட்டமும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

கேம் மோடைக் கண்டுபிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. மெனுவுக்குள் மெனுவாகப் போய், எச்டிஎம்ஐ-க்குப் பெயர் வைக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் என்று மாற்றிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. போட்டதுமே பெரியவள், "அம்மா, இப்போ நான் சொல்றத வண்டி கேக்குது" என்றாள். ரிசீவரை முன்னால் கொண்டுவந்தும் ஊஞ்சல் வேகமாக ஆடும்போது ஒரு நொடி விடத்தான் செய்கிறது. ஆடாமல் உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது. ஆடாமல் அவன் எங்கே உட்கார்வான்?

கீபோர்டு யாருக்கு என்று சண்டை வரும் என்று பயந்தேன். பெரியவள் அதுதான் வசதி என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் தோற்கடிக்கிறாள், இப்போது அதற்குத்தான் சண்டை.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஏழரை மணிக்கு மேல் டிவி அத்தையுடையது. கேம் மோடில் அத்தைக்கு முகமெல்லாம் வெளிறித் தெரிகிறதாம், ஒவ்வொரு முறையும் நான்தான் ரிமோட்டை எடுத்து மாற்றுகிறேன்.

ஒத்தக்கடை_நைட்ஷிப்ட் எழுதியது:

பல டிவிகளில் பிக்சர் மோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக நினைவில் இருக்கும் அக்கா. எச்டிஎம்ஐ-யில் இருக்கும்போது கேம், செட்டாப் பாக்ஸில் இருக்கும்போது பழையது என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள். எல்லா இணைப்புக்கும் சேர்த்துப் போடு என்று ஒரு தேர்வு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

திருநகர்_ஊஞ்சல் எழுதியது:

அந்தத் தேர்வுதான் போட்டுக் கிடந்தது. அணைத்துவிட்டேன். அத்தையின் சீரியலில் எல்லாருக்கும் பழைய நிறம் வந்துவிட்டது.