டி25 ஆன்டிபாடி சிக்னல் பாதியாகிவிட்டது, இந்த எஃப் புரதத்தை எலிக்குப் போடலாமா?

கேட்டவர்: அரைலிட்டர்ஃப்ளாஸ்க்

வணக்கம். ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் செல்லோடு இணையப் பயன்படுத்தும் எஃப் புரதத்தைத் தடுப்பூசிக்காகத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வடிவத்தைப் பூட்டிவைக்கும் டிஎஸ்-கேவ்1 மாற்றங்கள், வால்பக்கம் மூன்று பிரதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபோல்டான், சிஎச்ஓ (சீன வெள்ளெலி) செல்லில் உற்பத்தி. நிக்கல் காலத்தில் (column) சுத்திகரித்து, அளவுப்படி பிரிக்கும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் காலத்தில் ஓட்டினால் ட்ரைமர் (மூன்று பிரதிகள் சேர்ந்தது) ஒரே பீக்காக வருகிறது. சிக்கல் என்னவென்றால், 4 டிகிரியில் இரண்டு வாரம் இருந்த குப்பியில் டி25 சிக்னல் பாதிதான் இருக்கிறது. எஃப்பைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியான பாலிவிசுமாப் மட்டும் முதல் நாள் பிடித்த மாதிரியே பிடிக்கிறது. ஜெல்லில் உடைந்த துண்டும் இல்லை. "பாலிவிசுமாப் பிடிக்குதே, அப்புறம் என்ன, எலிக்குப் போடு" என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில்: பஃபர்பாண்டி

டி25 ஸ்டாக் பழசாகியிருக்கும். புது அலிகுவாட் (பிரித்து வைத்த சிறு பங்கு) எடுத்து ஒரு தடவை ஓட்டிவிட்டு வாங்க.

பதில்: பழையபைப்பெட்

போடாதீங்க தம்பி. பாண்டி சொல்வதையும் பார்த்துவிடுங்க, ஆனால் எனக்கு அது காரணமாகத் தெரியவில்லை.

எஃப் புரதம் நாண் ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி. செல்லோடு இணைவதற்கு முன் குட்டையாக, உருண்டையாக இருக்கும், அதுதான் ப்ரீ-எஃப். தட்டிவிட்டால் நீண்ட குச்சியாக, போஸ்ட்-எஃப் ஆகிவிடும், திரும்ப மடங்காது. பாலிவிசுமாப் பிடிக்கிற இடம் இரண்டு வடிவத்திலும் இருக்கிறது. டி25 பிடிக்கிற சைட் ஜீரோ, உச்சியில், ப்ரீ-எஃப்பில் மட்டும்தான். ஆக பாலிவிசுமாப் சொல்வது புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை. எந்த வடிவத்தில் என்பதை டி25 சொல்லும். உங்கள் குப்பியில் புரதம் அப்படியே இருக்கிறது, உச்சிதான் குலைந்திருக்கிறது. முழுக்க போஸ்ட்-எஃப் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உச்சி கொஞ்சம் தளர்ந்தாலே டி25 கைவிட்டுவிடும்.

இதில் நான் சூடுபட்டவள். சோடியம் பாஸ்பேட் பஃபரில், சர்க்கரை எதுவும் சேர்க்காமல், மைனஸ் 20-ல் உறைய வைத்தேன். அந்த பஃபர் உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிவிடும், பிஎச் சரசரவென்று இறங்கும். அது எனக்கு அப்போது தெரியாது. உருக்கி, பாலிவிசுமாப் எலைசா (ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று தட்டில் நிறத்தால் காட்டும் சோதனை) மட்டும் பார்த்துவிட்டு எலிக்கும் போட்டேன். சீரத்தில் எலைசா டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு, வானத்தைத் தொட்டது. வைரஸை நியூட்ரலைஸ் செய்கிறதா என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மிச்சமிருந்த குப்பியில் அன்றைக்குத்தான் டி25 போட்டுப் பார்த்தேன். தட்டு மஞ்சளாகவே மாறவில்லை.

இந்த வைரஸில் அது வெறும் வீண்செலவோடு போகிற விஷயமும் இல்லை. 1966-67-ல் ஃபார்மலினில் செயலிழக்கச் செய்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஒரு பரிசோதனையில், ஊசி போட்டுக்கொண்டு பிறகு தொற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஒட்டிக்கொள்ளும், ஆனால் வைரஸைத் தடுக்காத ஆன்டிபாடிகள் அதற்கு ஒரு காரணம். டி25-ஓடு சேர்ந்த ப்ரீ-எஃப் கட்டமைப்பு 2013-ல் வெளிவந்த பிறகுதான் வழி திறந்தது. 2023-ல் கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குப் போட அமெரிக்காவில் அனுமதி பெற்ற தடுப்பூசி அப்ரிஸ்வோ. அதில் ஏ வகை, பி வகை இரண்டின் ப்ரீ-எஃப்பும் தலா 60 மைக்ரோகிராம். அது உலர்ந்த பொடியாகத்தான் வருகிறது, போடும்போதுதான் கரைக்கிறார்கள். திரவமாக நாள்கணக்கில் வைத்திருக்கிற நாம் அதையும் யோசிக்கணும்.

புதிதாகச் சுத்திகரித்தது, இரண்டு வாரப் பழசு, வேண்டுமென்றே நன்றாகச் சூடாக்கிக் கெடுத்தது: மூன்றையும் ஒரே தட்டில் ஓட்டுங்க. டி25-ஐ பாலிவிசுமாபால் வகுத்த விகிதத்தைப் பாருங்க. பழசை மறுபடி சைஸ் எக்ஸ்க்ளூஷன் காலத்திலும் ஏற்றுங்க, ட்ரைமர் பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேட்டவர்: அரைலிட்டர்ஃப்ளாஸ்க்

நன்றி அக்கா. புது அலிகுவாட்டிலும் பழைய குப்பி பாதிதான் காட்டுகிறது, புதிய புரதத்தில் முழுசாக வருகிறது. ஸ்டாக்கில் தப்பில்லை. காலத்தில் ட்ரைமர் பீக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் தோள் (பீக்கோடு ஒட்டிய புடைப்பு) தெரிகிறது, முதல் நாள் அது இல்லை. இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் போட்டு கைடிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். எலியை அடுத்த மாதத்துக்குத் தள்ளியாச்சு.

பதில்: பழையபைப்பெட்

அந்தத் தோளைத் தனியாக எடுத்து டி25 பாருங்க. அப்புறம், உங்க பஃபர் என்ன? அதை இன்னும் சொல்லவே இல்லையே.

கேட்டவர்: அரைலிட்டர்ஃப்ளாஸ்க்

சோடியம் பாஸ்பேட்தான் அக்கா. இன்னும் உறைய வைக்கவில்லை.