பழைய பென்ஸை விற்றுப் புதியதை வாங்க வேண்டுமா?

மாங்குளத்தான்:
இலங்கையில் தனியார் கார் இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை 2025 பெப்ரவரியில் தளர்ந்தது முதல், என்னுடைய டபிள்யூ 124 வகை மெர்சிடிஸ் பென்ஸை விற்றுவிட்டுப் புதிய ஈ-கிளாஸ் ஒன்றுக்கு மாறும்படி உறவினர்கள் வற்புறுத்துகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1984 இறுதியில் அறிமுகமான அந்த வகையின் சாதாரண டீசல் எஞ்சினில், எரிபொருளை அளந்து அனுப்புவது கணினியன்று, பொறிமுறையால் இயங்கும் பம்ப். அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். 2016 இல் வந்த ஈ-கிளாஸான டபிள்யூ 213 வகையிலோ ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலே, அதற்குரிய கணினிக் கருவியைத் தேடிக் கொழும்புவரை போக நேரிடும். வழியில் நின்றால் ஊரிலேயே திருத்தக்கூடிய கார்தான் எனக்குச் சொகுசு.

வவுனியா வாசகன்:
அண்ணா, திருத்துவது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விபத்தில் சிக்கிய காரைத் திருத்தலாம், அதில் இருந்தவரை அப்படித் திருத்த முடியாது. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் ஏ-9 வீதியின் நடுவே மாடுகள் படுத்திருப்பதை நீங்களே அறிவீர்கள். கார் வழுக்கும்போது ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து அதை நேர்ப்படுத்தும் ஈ.எஸ்.பி. அமைப்பு 1995 இல்தான் பென்ஸின் உயர்தரக் கார்களில் முதன்முதலாக வந்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கெப் மோதற்சோதனைகளின் முதல் முடிவுகள் வெளியானது 1997 இல். உங்கள் கார் இவையிரண்டுக்கும் முந்தியது. அதில் பக்கவாட்டு எயார் பேக்கும் இல்லை, முன்னால் தடை இருப்பதை ராடாரால் உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் வசதியும் இல்லை. தவிரவும், அந்தக் காலக் கார்கள் குறையற்றவை என்பதும் சரியன்று. 1990களின் முதற்பாதியில் பென்ஸ் பயன்படுத்திய வயர்களின் உறை எஞ்சின் சூட்டில் பொடிந்து உதிர்ந்தது உலகறிந்த குறை.

கிளிநொச்சி கராஜ்:
வயர் உறை பற்றித் தம்பி சொல்வது உண்மை, ஆனால் அது பெரும்பாலும் பெற்றோல் எஞ்சின்களைப் பிடித்த நோய். பழைய பொறிமுறை டீசலுக்குச் சில வயர்களே போதும். பழையதை விரும்புவோர் வெறும் நினைவுப்பற்றால் விரும்புகிறார்கள் என்று எண்ணக்கூடாது என்பதற்கு, அடுத்தடுத்து வந்த மாற்றங்களையே பாருங்கள். 1995 இல் வட்ட விளக்குகளுடன் வந்த ஈ-கிளாஸான டபிள்யூ 210, துருப்பிடிப்பதற்குப் பெயர் போனது. அதற்கடுத்து 2002 இல் வந்த டபிள்யூ 211 இல், மிதியை அழுத்தும் அளவை மின்குறிப்பாகக் கணினிக்கு அனுப்பிப் பிரேக் பிடிக்கும் முறையைப் புகுத்தினார்கள். 2004 இலும் 2005 இலும் பெருந்தொகையான கார்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன, 2006 இல் ஈ-கிளாஸிலிருந்து அந்த முறையே நீக்கப்பட்டது. பென்ஸ் மட்டுமன்று, பி.எம்.டபிள்யூ.வின் என் 47 டீசல் எஞ்சினிலோ வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் கியர்பெட்டிப் பக்கமாக, எஞ்சினின் பின்புறத்தில் இருக்கிறது. தேய்ந்த செயினை மாற்றுவதற்குப் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும்.

எமது பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய டீசல் கார்களின் புகைபோக்கியில் உள்ள கரி வடிகட்டி, நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து வயலுக்கும் சந்தைக்குமாகக் குறுந்தூரம் ஓடுபவருக்கு அது அடைத்துக்கொள்ளும், கந்தகம் கூடிய டீசல் அந்த அடைப்பை விரைவாக்கும்.

மாங்குளத்தான்:
நன்றி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும். எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் காபுரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்கவிகிதம், அதாவது எரிகலவையை அவை அமுக்கும் அளவு, தாழ்வாக இருந்ததால்தான் அது முடிந்தது. நோயாளிகளை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றவையும் அந்தக் கார்கள்தாம். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் எந்த இயந்திரம் நிலைக்கும் என்பதை எங்கள் மக்கள் தேவையால் கற்றார்கள், அந்த அறிவை நான் எளிதில் விடமாட்டேன்.

வவுனியா வாசகன்:
அந்தக் காலத்து ஓட்டுநர்களையும் திருத்துநர்களையும் நான் மிகவும் மதிக்கிறேன், அண்ணா. ஆயினும் அன்று வேறு வழி இருக்கவில்லை, இன்று இருக்கிறது. 2009 க்குப் பின் ஏ-9 வீதி அகலமாகிச் செப்பனிடப்பட்டதால் எல்லோருடைய வேகமும் கூடிவிட்டது, எதிரே வரும் சொகுசுப் பேருந்தின் வேகத்துக்கு 1984 ஆம் ஆண்டின் வடிவமைப்பு ஈடுகொடுக்குமா என்பதே என் கவலை. கராஜ் அண்ணா சொன்ன குறைகளில் பிரேக் குறை நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கரி வடிகட்டிதான் தடையென்றால் பெற்றோல் வகையை வாங்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்குப் போவதற்கு உங்கள் காரை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

கிளிநொச்சி கராஜ்:
இரவுப் பயணம் பற்றித் தம்பி சொல்வதை ஏற்கிறேன். மாங்குளத்தண்ணா, விற்காவிட்டாலும் பிரேக் குழாய்களையும் இருக்கைப் பட்டிகளையும் புதிதாக மாற்றுங்கள். குழாயின் றப்பர் முப்பது ஆண்டு தாங்காது.

மாங்குளத்தான்:
இரண்டையும் இந்த மாதமே மாற்றுகிறேன். பிள்ளைகளுடன் இரவில் கொழும்புக்குப் போவதென்றால், மாங்குளம் நிலையத்தில் புகைவண்டி ஏறுவோம். கார் விற்பனைக்கில்லை.