பால் பைத்தான் (ball python) பாம்பு வளர்த்து விற்றால் இனிமேல் காசு பார்க்க முடியுமா?

பேட்டை_தம்பி:
அண்ணன்மாரே, மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. சென்னையில் ஒருவர் பால் பைத்தான் ஜோடி தருகிறேன் என்கிறார், ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு வகை அது. ஆண் பாஸ்டல் (மஞ்சள் தூக்கலான நிறம்), பெண் சாதாரண நிறம். ஒரு ஈடு முட்டை பொரித்தாலே போட்ட காசு வந்துவிடும் என்று சத்தியம் செய்கிறார். லவ் பேர்ட்ஸ் வளர்த்த பழக்கம் எனக்கு உண்டு. இறங்கலாமா?

சமாதானபுரம்_மீன்கடை:
தம்பி, வளர்க்க ஆசை என்றால் வளர். வருமானத்துக்கு என்றால் வேண்டாம்.

கணக்கைப் பார். பெண் பாம்பு முட்டைக்குத் தயாராக மூன்று வருஷம் பிடிக்கும், எடையும் ஒன்றரைக் கிலோவுக்கு வர வேண்டும். ஒரு ஈட்டுக்கு ஆறு முட்டை என்று வை. அந்த ஜோடியில் சராசரியாகப் பாதிதான் பாஸ்டல், மீதி சாதாரணம். சாதாரணத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்? கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வெளிநாட்டுச் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் போகிற சரக்கு அது.

பாஸ்டலும் பழைய பாஸ்டல் இல்லை. அந்த நிறம் வெளியே தெரிய ஒரு ஜீன் போதும். அதனால் ஒரு ஆண் பாம்பு வைத்திருந்தவன் எல்லாம் பெருக்கிவிட்டான், விலை சரிந்தது. பைபால்டு என்கிற வெள்ளைத் திட்டு நிறத்துக்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் ஜீன் வர வேண்டும், அதனால் அது கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. முதலில் வந்தபோது அமெரிக்காவில் பல ஆயிரம் டாலருக்குப் போனது, இன்றைக்குச் சில நூறு. புது நிறத்தை முதலில் கையில் வைத்திருந்தவர்தான் சம்பாதித்தார். நீ போவது ஈமு கோழியில் கடைசியாகச் சேர்ந்த ஆள் மாதிரி.

இதை விடப் பெரிய சங்கதி பேப்பர். திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சைட்ஸ் (வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால் பால் பைத்தானை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தால், கைமாறினால், செத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். 2023-இல் திருச்சி விமான நிலையத்தில் மலேசியாவிலிருந்து வந்தவர் பெட்டியில் 47 பாம்பு பிடிபட்டது நினைவிருக்கும். அப்படி வந்து சோதனையில் சிக்காமல் போன பாம்புக்குப் பேப்பர் எங்கே இருக்கும்? சென்னைக்காரரிடம் முதலில் பதிவுச் சான்றைக் கேள்.

அம்பை_வயக்காட்டான்:
மீன்கடை அண்ணாச்சி சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் வாழைத் தோட்டத்தில் வருவது நம்ம ஊர் மலைப்பாம்பு. வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணை, வீட்டில் வைத்தால் கேஸ்தான். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், உடனே தீயணைப்புக்குப் போன் போட்டுவிடுவார். சான்றை ஒரு நகல் எடுத்துக் கைவசம் வை.

பேட்டை_தம்பி:
சரி அண்ணே, தொழில் யோசனையை விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று ஆசைக்கு வளர்க்கலாமா?

சமாதானபுரம்_மீன்கடை:
தாராளமாக. ஆனால் அந்த மாடி அறை ஆகாது. வெளிநாட்டு வீடியோவில் சூடு ஏற்றுவதைப் பற்றியே பேசுவார்கள், அங்கே குளிர். பாம்புக்குச் சூடான மூலையில் 32 டிகிரி போதும். மே மாதம் நம்ம மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அதைத் தாண்டிக் கொதிக்கும். கீழ் அறையில் வை. ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து, ஒரு தண்ணீர்த் தொட்டி. காற்று காய்ந்தால் ஈரப் பாசி வை, இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரியும்.

சில மாதம் இரை எடுக்காமல் கிடக்கும். எடை குறையாத வரை பதறாதே. ஸ்பைடர் என்கிற நிறத்தை மட்டும் வாங்காதே. அந்த ஜீனோடு தலையாட்டமும் சேர்ந்தே வரும், பார்க்கப் பாவமாக இருக்கும். இருபது, இருபத்தைந்து வருஷம் இருக்கிற உயிர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சான்று கேட்ட பிறகும் சென்னைக்காரர் போன் எடுக்கிறாரா என்று இங்கே வந்து சொல்லு.