வார்டு வேட்பாளர்களை எடைபோட உதவுங்கள்

வணக்கம். எங்கள் வார்டில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டது. யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

களத்தில் சொல்லும்படியாக மூன்று பேர். இப்போதைய உறுப்பினர் போன் செய்தால் எடுக்கிறார், தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஆள் அனுப்புகிறார். ஆனால் மன்றக் கூட்டத்தில் அவர் வாய் திறந்ததுண்டா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். சொத்து வரி, குப்பை ஒப்பந்தம், குடிநீர்க் குழாய்ப் பணி எல்லாம் அங்கேதானே தீர்மானமாகின்றன? இரண்டாமவர் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வாராம். வார்டு உறுப்பினருக்கு ஏது அந்த அதிகாரம்! (அதற்கும் கைதட்டல் விழுந்தது.) சுயேச்சையாக நிற்பவர் மழைநீர் வடிகால் பற்றி விவரமாகப் பேசுகிறார். பிடித்திருக்கிறது. ஆனால் மன்றத்தில் தனி ஆளாக நின்று நிதி வாங்கிவிட முடியுமா என்பது சந்தேகம்.

மன்றக் கூட்டங்களின் வருகைப் பதிவு, தீர்மான நகல் இவற்றை மனு போட்டு வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? மனுவில் எப்படிக் கேட்டீர்கள், கிடைக்க எவ்வளவு நாளானது? சுயேச்சை உறுப்பினர் இருந்த வார்டுக்காரர்களும் சொல்லுங்கள், வேலை நடந்ததா, இழுத்தடித்தார்களா? வேட்புமனுவோடு தரும் சொத்து, வழக்கு விவரங்களில் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்?

கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ். பிரசாரம் ஓய்வதற்குள் மூவரையும் நேரில் பார்க்கப் போகிறேன். அவர்களிடம் கேட்க வேண்டியது ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் அதையும் எழுதுங்கள்.