ஏக், அனேக், அநேகமாக

1980களின் நடுவில், எங்கள் வீட்டுக்கு டிவி வருவதற்கு முன்பு, பக்கத்து வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே தூர்தர்ஷன் அவ்வப்போது ஒளிபரப்பிய ஒரு சிறிய கார்ட்டூன் மட்டும் இன்றைக்கும் காட்சி காட்சியாக நினைவில் இருக்கிறது. 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்பது அதன் பெயர் என்று தெரிந்துகொண்டதெல்லாம் பிற்காலத்தில்தான். எங்களுக்கு அது 'குருவிகள் வலையைத் தூக்கிக்கொண்டு போகிற படம்'.

ஒரு சிறுவன் தன் அக்காவிடம் 'அனேக்' என்றால் என்ன என்று கேட்கிறான். சூரியன் ஒன்று, நிலா ஒன்று, நட்சத்திரங்கள் பல என்று தொடங்கி, அணில்களையும் பட்டாம்பூச்சிகளையும் கொண்டு அவள் விளக்குகிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனால் அந்தச் சொல் மட்டும் ஏற்கெனவே பழகிய சொல்லாக என் காதில் விழுந்தது. அதில்தான் வினையே வந்தது. பாட்டி நாளைக்கு நான்கு முறையாவது 'அநேகமா' என்பார்: அநேகமா இன்னிக்குத் தண்ணி வராது, அநேகமா உங்க மாமா வெள்ளிக்கிழமை வருவான். ஆகவே ஓர் அணிலைக் காட்டி 'ஏக்' என்றும், கூட்டமாக வந்த அணில்களைக் காட்டி 'அனேக்' என்றும் சொன்னபோது, முதலாவது நிச்சயமாக வந்துவிட்ட அணில், மற்றவை மாமாவைப் போல வந்தாலும் வரலாம் என்கிற அணில்கள் என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். சில மாதங்கள் இந்த நம்பிக்கையோடுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு நாள் இதை அக்காவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மக்கு! தாத்தா லெட்டர்ல 'அநேக ஆசீர்வாதம்'னு எழுதறாரே, அப்படின்னா அநேகமா ஆசீர்வாதமா? நிறையன்னு அர்த்தம்டா."

குருவிக் கதைக்கு அக்காவின் உதவி தேவைப்படவில்லை. பஞ்சதந்திரத்தில் புறாக்கள் வலையோடு பறந்து சென்று எலியிடம் உதவி கேட்கும் கதையை அப்பா சொல்லியிருந்ததால், வேடன் தானியத்தை இறைத்ததுமே அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குருவிகள் ஒன்றாகச் சிறகடிக்க வலை தரையிலிருந்து எழும்பும் அந்த ஒரு நொடிக்காக ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அதன் பிறகு வரும் நாட்டு ஒற்றுமைப் பாட்டில் எனக்கு அத்தனை ஈடுபாடு இருந்ததில்லை. எலிகள் வலையைக் கடித்து முடித்ததுமே என் வரையில் படம் முடிந்துவிடும்.

ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும் அந்தப் படத்தை 1974இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்தது. விஜயா மூலே இயக்க, பீம்சேன் அனிமேஷனை வடிவமைத்தார். இவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டபோதுகூட நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அதில் பாடிய சிறுமி சாதனா சர்கம் என்று அறிந்தபோதுதான் திடுக்கிட்டேன். 'அழகி' படத்தின் 'பாட்டுச் சொல்லி' பாடலுக்காகத் தேசிய விருது பெற்ற அதே சாதனா சர்கம்! ஆறு வயதில் ஒரு சொல்லும் புரியாமல் நான் கேட்டுக்கொண்டிருந்த குரல், பிற்காலத்தில் தமிழிலேயே பாடியபோது எத்தனையோ முறை கேட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சென்ற மாதம் அதை யூடியூபில் தேடிப் பிடித்தேன். பக்கத்து வீட்டு டிவி கறுப்பு வெள்ளை என்பதால், எனக்கு அந்தப் பட்டாம்பூச்சிகள் எப்போதுமே சாம்பல் நிறத்தவைதான். மாலையில் கோக்கப்படும் பூக்களும் அப்படியே. இப்போது அவை நிறங்களோடு வந்தபோது, தெரிந்தவர் ஒருவர் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் போல இருந்தது. இணைப்பை அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே போன் செய்தாள்.

"எல்லாம் சரிடா, ஆனா அந்த வீட்டு டிவியில குறுக்கே ஒரு கோடு ஓடிண்டே இருக்குமே, அது இதுல இல்லையே?"