கடிதம் வந்தது, செய்தி வந்து சேரவில்லை

நான் பார்வையற்றவள். அரசு நிதியில் இயங்கும் வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்து, 4 ஆண்டுகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தேன். கடிதங்களைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கக்கூடிய வடிவில் மின்னஞ்சலில் அனுப்புமாறு பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆயினும், வருமானச் சான்றைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு, கையெழுத்தும் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பாகவே வந்தது. திறந்ததும் திரைவாசிப்பான் "வெற்று ஆவணம்" என்றது. கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது அதற்கு வெறும் படம். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். கெடு தேதியின் மேலேயே முத்திரை விழுந்திருந்ததால், எனக்கு வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் பொருளற்ற எழுத்துகளாக வந்தது. பக்கத்து வீட்டு அக்கா படித்துச் சொன்னபோது கெடு முடிந்து 2 நாட்கள் ஆகியிருந்தன. கடிதத்தில் இருந்த என் வருமான விவரமும் அன்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. மேல்முறையீடு செய்து பெயரைத் திரும்பச் சேர்க்க 3 மாதங்கள் பிடித்தன. அந்தக் கடிதம் முதலில் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டதுதானே. அந்த மூலக் கோப்பை இணைத்து அனுப்பியிருந்தாலே போதும் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சகோதரி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழிதான் என் முதல் மொழி. வாடகை நிலுவை பற்றிய விசாரணைக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தும், வீட்டில் சைகை தெரிந்த யாரையாவது அழைத்து வருமாறுதான் பதில் வந்தது. என் 11 வயது மகளுடன் போனேன். அதிகாரி பேசப் பேசச் சைகை செய்துகொண்டிருந்தவளின் கைகள் ஓரிடத்தில் நின்றன. பிறகு, "ஒன்றுமில்லை அப்பா" என்று சைகை காட்டினாள். வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்று அவர் சொன்னதை அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள் என்பது, அன்றிரவு தன் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. எழுதிக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. சட்டச் சொற்கள் நிறைந்த தாளை எங்களில் பலர் இரண்டாம் மொழியில்தான் படிக்கிறோம்.

உங்கள் இருவருக்கும் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஐ.நா. பொதுச்சபை 2006இல் ஏற்று, 2008இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பொது வீட்டுவசதித் திட்டங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தகவல் தொடர்பு என்பதில் பிரெய்ல், பெரிய எழுத்து, எளிய மொழி ஆகியவையும் அடங்கும் என்கிறது 2ஆவது பிரிவு. அறிவுத்திறன் குறைபாடுள்ள என் தம்பிக்காக இவ்விரு பிரிவுகளையும் காட்டி மனுக் கொடுத்தேன். அடுத்த முறை ஒப்பந்தத்துடன், சிறு வாக்கியங்களும் படங்களும் கொண்ட 2 பக்க விளக்கமும் வந்தது. தம்பி அதை வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "5ஆம் தேதிக்குள் நான்தான் பணம் கட்ட வேண்டும்" என்றான். அதுவரை அவன் வாடகையை நான்தான் கட்டிவந்தேன்.